மூன்றோடு நிறுத்திவிடாதீர்கள்

மாயாஜாலக் கதைத் தொடர்களில் எதை வாசிக்கலாம் என்று தோழியர் கேட்டால், அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' தொடரையே நான் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை: மூன்றாம் நூலோடு நிறுத்தக் கூடாது.

முதல் நூல் 1968இல் வெளிவந்தது. தீவுகளாலான ஓர் உலகம். எதனுடைய மெய்ப்பெயரை அறிகிறோமோ, அதன்மீது நமக்கு ஆட்சி உண்டு. மலைக்கிராமத்தில் ஆடு மேய்த்த கெட், ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குச் செல்கிறான். அங்கே பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. கதையும் ஏனென்று கேட்பதில்லை. வாசிக்கும் நாம்தான் கேட்கிறோம்.

1971இல் வந்த இரண்டாம் நூலின் நாயகி டெனார். சிறுவயதிலேயே கோயில் பணிக்கென வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டு, தன் பெயரையும் இழந்தவள். இருண்ட நிலவறைப் பாதைகளை அவள் கையால் தடவித் தடவி மனனம் செய்யும் பக்கங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் நூல் மறுபடி கெட்டின் கதை.

பின்பு 18 ஆண்டுகள் கழித்து, 1990இல் 'டெஹானு'. டெனார் இப்போது விதவை. பண்ணை வீட்டில், தீயில் கருகிய ஒரு சிறுமியை வளர்க்கிறாள். கெட் மந்திர சக்தியை இழந்து திரும்புகிறான். சாகசம் குறைவென்று சலித்துக்கொண்ட வாசகர்களும் உண்டு. தான் படைத்த உலகை அடுப்படியில் நின்று மீண்டும் பார்த்த அந்தத் துணிவுக்காகவே நான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு சொல்: அச்சிறுமிக்கு நேர்ந்த கொடுமை மனதை உலுக்கும். சிறிய வகுப்புத் தங்கைமார் இந்த நான்காம் நூலுக்குச் சில வருடம் பொறுத்திருக்கலாம்.