படம் சேவ் ஆகவில்லையா? பதறாமல் காரணம் தேடலாம்!

பழைய போட்டோ ஒன்றை ஸ்கேன் செய்து, கீறல்களை நீக்கி, மங்கிய முகத்தைத் தெளிவாக்கி மூன்று மணி நேரம் உழைத்திருப்பீர்கள். முடிந்தது என்று கன்ட்ரோல் + எஸ் தட்டினால், சேவ் செய்திட இயலவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் எழுந்து நிற்கும். கீழே ஓகே என்று ஒரே ஒரு பட்டன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இந்த இடத்தில் புரோகிராமை மூடிவிட்டு, மறுபடியும் திறந்து பார்க்கிறார்கள். வேலை பறிபோவது அப்போதுதான்.

என்னிடம் இது பற்றிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: புரோகிராமை மூடாதீர்கள். நீங்கள் செய்த மாற்றங்கள் சேவ் ஆகும் வரை ராம் மெமரியிலும், புரோகிராம் தற்காலிகமாக எடுத்துக்கொண்ட டிஸ்க் இடத்திலும்தான் இருக்கின்றன. மூடினால் இரண்டும் காலியாகிவிடும். திறந்திருக்கும் வரை படம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் படத்தைக் காப்பாற்றுங்கள்

1. எரர் செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அல்லது மொபைல் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் பெரும்பாலும் அந்த வரிகளிலேயே இருக்கும். பிறகு ஓகே தட்டவும்.

2. பைல் மெனுவில் சேவ் அஸ் தேர்ந்தெடுக்கவும். பழைய பெயர் வேண்டாம். படம்2 என்பது போலச் சிறிய புதுப் பெயர் கொடுத்து, வேறு டிரைவில் சேவ் செய்து பாருங்கள். பாதிப் பிரச்னைகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

3. அதுவும் முடியவில்லை என்றால் கன்ட்ரோல் + ஏ தட்டிப் படம் முழுவதையும் தேர்ந்தெடுக்கவும். அடுத்து கன்ட்ரோல் + ஷிப்ட் + சி தட்டவும். போட்டோஷாப்பில் இதற்கு காப்பி மெர்ஜ்டு என்றும், கிம்ப் புரோகிராமில் காப்பி விசிபிள் என்றும் பெயர். பின் விண்டோஸின் பெயின்ட் புரோகிராமைத் திறந்து, கன்ட்ரோல் + வி கொடுத்து, பிஎன்ஜி பைலாக சேவ் செய்திடவும். லேயர்கள் தனித்தனியாக இருக்காது. ஆனால் உங்கள் உழைப்பு மிஞ்சும்.

இனி, ஒவ்வொரு செய்திக்கும் என்ன பொருள் என்று பார்ப்போம்.

ஸ்க்ராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது

போட்டோஷாப் பயன்படுத்துவோர் அடிக்கடி பார்க்கும் செய்தி இது. ராம் மெமரி போதாதபோது, போட்டோஷாப் ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடத்தைக் கரும்பலகை போல எழுதி அழித்துப் பயன்படுத்துகிறது. அதுதான் ஸ்க்ராட்ச் டிஸ்க். வழக்கமாக இது விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் அமையும்.

"என் படம் 3 எம்பிதானே! அதற்கு எப்படி இடம் போதாமல் போகும்?" என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடலாம். ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் 2480 x 3508 பிக்ஸல்கள் வரும். பெருக்கினால் சுமார் 87 லட்சம். ஒவ்வொரு பிக்ஸலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட்கள். ஆக மொத்தம் சுமார் 25 எம்பி. ஜேபெக் சுருக்கி வைப்பதால்தான் டிஸ்க்கில் 3 எம்பியாகத் தெரிகிறது. திறந்தவுடன் அது விரிந்துவிடும். 600 டிபிஐ என்றால் இதுவே நான்கு மடங்கு, 100 எம்பி. அதன்மேல் லேயர்கள், அன்டூ செய்வதற்காக வைத்திருக்கும் பழைய நிலைகள் என்று சேர்ந்தால் ஜிபி கணக்கில் போகும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தன் தந்தையாரின் ஒரே போட்டோவை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து சரி செய்துகொண்டிருந்தபோது இந்தச் செய்தி வந்து, என்னை அழைத்தார். நல்லவேளை, அவர் எதையும் மூடவில்லை. பார்த்தால் சி டிரைவில் 300 எம்பிதான் மீதம். டி டிரைவ் முக்கால்வாசி காலி! சி டிரைவில் இருந்த பெரிய வீடியோக்களை டி டிரைவுக்கு மாற்றி, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தோம். அடுத்த கன்ட்ரோல் + எஸ்ஸுக்கே படம் சேவ் ஆகிவிட்டது.

நீங்களும் முதலில் டிஸ்க்கில் இடம் ஏற்படுத்துங்கள். எடிட் மெனுவில் பர்ஜ் பிரிவில் ஆல் கொடுத்தாலும் இடம் கிடைக்கும். ஆனால் அதன் பின் பழைய மாற்றங்களை அன்டூ செய்ய முடியாது. கிளிப்போர்டில் காப்பி செய்ததும் போய்விடும். படம் பத்திரமான பின், எடிட் - பிரிபரன்ஸஸ் - ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் சென்று, காலி இடம் அதிகமுள்ள டிரைவில் டிக் அடையாளம் ஏற்படுத்துங்கள். போட்டோஷாப்பை மூடித் திறந்த பிறகே இது செயல்படும்.

பைல் பூட்டப்பட்டுள்ளது

பைல் லாக் ஆகியிருக்கலாம், உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், அல்லது வேறு புரோகிராம் அதைப் பயன்படுத்தலாம் என்று மூன்று காரணங்களை ஒரே செய்தியில் போட்டோஷாப் சொல்லும். ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

* பைலின் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். ரீட் ஒன்லி என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ஓகே தரவும்.

* அதே படம் வேறு புரோகிராமில் திறந்திருந்தால் அதை மூடவும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் வலப்பக்கம் பிரிவியூ தெரிந்தால், ஆல்ட் + பி தட்டி மறைக்கவும்.

* படம் சிடியிலிருந்து நேரடியாகத் திறக்கப்பட்டதா? அதில் திரும்ப எழுத முடியாது. கேமராவின் எஸ்டி கார்டு என்றால், அதன் ஓரத்தில் உள்ள சிறிய லாக் பொத்தான் கீழே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் எழுத அனுமதி இல்லை

சி டிரைவில் புரோகிராம் பைல்ஸ் போன்ற போல்டர்களில் விண்டோஸ் எளிதில் எழுத விடாது. பிக்சர்ஸ் போல்டரிலேயே எழுத முடியவில்லை என்றால் ஆச்சரியமாக இருக்கும். இதற்கு விண்டோஸ் 10ல் 2017ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட கன்ட்ரோல்டு போல்டர் ஆக்சஸ் என்னும் பாதுகாப்பு வசதி காரணமாக இருக்கலாம். ரேன்சம்வேர் உங்கள் பைல்களைக் கெடுக்காமல் தடுக்க வந்த காவலாளி, நல்ல புரோகிராமையும் சில நேரம் வாசலில் நிறுத்திவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரேன்சம்வேர் புரொடெக்ஷன் பகுதிக்குச் சென்று, உங்கள் புரோகிராமை மட்டும் அனுமதிக்கும் பட்டியலில் சேர்க்கவும். காவலாளியையே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம்!

ஜேபெக் பட்டியலில் இல்லையே!

இது எரர் அல்ல. ஜேபெக் பைலில் லேயர்கள் இருக்க முடியாது. 2021ல் வந்த போட்டோஷாப் பதிப்பிலிருந்து, லேயர் உள்ள படத்துக்கு சேவ் அஸ் கொடுத்தால் ஜேபெக் தெரியாது. அதற்குக் கீழே உள்ள சேவ் எ காப்பி கொடுத்தால் தெரியும். கிம்ப் புரோகிராமும் 2012ல் வந்த 2.8 பதிப்பிலிருந்து, சேவ் கொடுத்தால் தனது எக்ஸ்சிஎப் வகையில் மட்டுமே சேவ் செய்திடும். ஜேபெக் வேண்டுமானால் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அஸ் கொடுக்க வேண்டும்.

பெயரும் அளவும்

கல்யாணம் 12/5 என்று பெயர் கொடுத்தால் விண்டோஸ் ஏற்காது. \ / : * ? " < > | ஆகிய ஒன்பது குறிகளும் பைல் பெயரில் கூடாது. கல்யாணம் 12-5 என்று வைத்துக்கொள்ளலாம். பிஎஸ்டி பைலின் எல்லை 2 ஜிபி. அதைத் தாண்டினால் பிஎஸ்பி வகையில் சேவ் செய்திட வேண்டும்.

பழகிக்கொள்ள வேண்டியவை

படத்தைத் திறந்தவுடன், ஒரு கோடு கூட வரைவதற்கு முன், புதுப் பெயரில் பிஎஸ்டி பைலாக சேவ் செய்துவிடுங்கள். ஒரிஜினல் ஸ்கேன் தொடப்படாமல் இருக்கும். அந்த இடத்தில் எழுத முடியுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வேலையின் நடுவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கன்ட்ரோல் + எஸ் தட்டுங்கள். 2012ல் வந்த சிஎஸ்6 பதிப்பு முதல் போட்டோஷாப் தானாகவும் ஒரு பிரதி எடுத்து வைக்கிறது. ஆனால் அது புரோகிராம் திடீரென நின்றுபோனால்தான் உதவும். சேவ் செய்யாமல் நீங்களே மூடினால் உதவாது.

எரர் செய்தி என்பது கம்ப்யூட்டர் உங்களைத் திட்டுவதல்ல. தனக்கு எது தடையாக இருக்கிறது என்று சொல்வது. நிதானமாக அதைப் படியுங்கள். படம் நிச்சயம் பத்திரமாகும்.