மேக் செக் ஓடிவிட்டதா?

எழுத்தைப் பிரெயிலாக மாற்றும் நூலகமான லிப்லூயியில் வேலை பழக வரும் தம்பி, தங்கைகளுக்கு:

1. வந்த அன்றே எதையும் திருத்த வேண்டாம். மூலத்தை இறக்கி ஆட்டோஜென், கான்ஃபிகர், மேக், மேக் செக் என்று வரிசையாக ஓட்டிப் பாருங்கள். லிப்யாம்ல் இல்லாத கணினியில் யாம்ல் சோதனைகள் ஓடாமலே தாண்டிப் போய்விடும். தோல்வி பூஜ்யம் என்று திரையில் வந்ததும் குதிக்காமல், தாண்டியவை எத்தனை என்றும் பாருங்கள்.

2. லிப்லூயி 2002இல் தொடங்கியது. நூலகம் சி மொழியில் இருந்தாலும் உயிர் இருப்பது அட்டவணைக் கோப்புகளில்தான். திரைவாசிப்பான்களான என்விடிஏவும் ஓர்காவும் பிரெயில் காட்ட இவற்றைப் பயன்படுத்துகின்றன. ஓர் அட்டவணை இன்னொன்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்களுக்கான பொதுக் கோப்பில் உங்கள் மொழிக்காக ஒரு வரி மாற்றினால், பெயரே கேட்டிராத ஒரு மொழியில் போய் உடையும். அதனால் உங்கள் மொழிச் சோதனையை மட்டும் ஓட்டிவிட்டு எழுந்து போகாதீர்கள்.

3. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நானே பட்டது. நிரல் தந்த வெளியீட்டை அப்படியே எடுத்து, எதிர்பார்க்கும் விடை என்று சோதனையில் ஒட்டக் கூடாது. தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். மெய்யெழுத்தின் புள்ளி அச்சில் தலைமேல் இருக்கிறது. யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வருகிறது. பாரதி பிரெயிலிலோ அது 4ஆம் புள்ளியாக எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். என் கணினியில் நான் செய்த ஒரு திருத்தம் அதைப் பின்னால் போட்டது. வந்ததையே சோதனையில் ஒட்டினேன். எல்லாம் பச்சை. பிரெயிலில் அச்சடித்த தாளை, பிரெயில் வாசிக்கும் ஒரு டீச்சரிடம் கொடுத்தேன். அவர் 'அம்மா'வின் மேல் விரலை ஓட்டிவிட்டு, "இது என்ன சார், அமம்ஆ?" என்றார். இரண்டாவது ம-வுக்கு முன்னால் புள்ளி வந்து நின்றால் அவர் விரலுக்கு அது அப்படித்தானே படும்? விடையை வாசிப்பவரிடம் கேட்டு எழுதுங்கள். பிறகு நிரலை ஓட்டுங்கள்.

4. 'கொ' திரையில் ஒன்றுதான். உள்ளே இரண்டு விதமாக இருக்கலாம்: க-வும் ஒற்றை ஒகரக் குறியும், அல்லது க-வும் எகரக் குறியும் காலும். இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை எழுதுங்கள்.

5. சரிசெய்ய முடியாத பிழைக்கு, சோதனையில் எக்ஸ்ஃபெயில் (தோற்கும் என்று தெரியும்) குறி போடுங்கள், காரணத்தோடு. யாராவது பின்னாளில் அதைச் சரிசெய்தால் 'எதிர்பாராத வெற்றி' என்று சோதனை தோற்கும். பயப்படாமல் குறியை எடுத்துவிடுங்கள்.

6. புதுக் கோப்பின் பெயரை மேக்ஃபைல் பட்டியலில் சேர்க்க மறக்காத ஆள் கிடையாது. உங்கள் கணினியில் கோப்பு இருக்கும், சோதனையும் தேறும். வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருக்காது. மேக் டிஸ்ட்செக் ஓட்டுங்கள். அது பொட்டலம் கட்டி, வேறோர் இடத்தில் பிரித்து, மூலத்தை எழுத முடியாதபடி பூட்டிவிட்டு முதலிலிருந்து எல்லாம் செய்து பார்க்கும். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

7. நூலகத்தை 16 பிட்டிலும் கட்டலாம், 32 பிட்டிலும் கட்டலாம். இரண்டிலும் சோதியுங்கள். எமோஜி மட்டும் 16 பிட்டுக்கு வெளியே என்று நினைக்காதீர்கள். 2019இல் யூனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் அங்கேதான் இருக்கின்றன.

8. அட்டவணையில் என்ன மாற்றினாலும் வெளியீடு அசையவில்லையா? கணினியில் முன்பே நிறுவியிருக்கும் பழைய அட்டவணையை நிரல் எடுத்துக்கொண்டிருக்கும். அட்டவணைகளைத் தேடும் பாதையைச் சொல்லும் சூழல் மாறியைப் பாருங்கள். எனக்கு அரை நாள் போனது இதில்.

9. "பிரெயில் தப்பாக வருகிறது" என்று மட்டும் யாராவது எழுதினால் சலித்துக்கொள்ளாதீர்கள். என்ன சொல், என்ன வந்தது, என்ன வர வேண்டும் என்று கேளுங்கள். புள்ளி எண்ணாகவே எழுதட்டும். 1-3 என்றால் க. ஐந்தாறு சொல் கிடைத்தால் அன்றைக்கே யாம்லில் ஏற்றிவிடலாம்.