வினையுவமம் மெய்யுவமம் ஆதல்: பறக்கும் தட்டு நூல்களின் அட்டை ஓவியம்

முன்னுரை

நூல் நுதலிய பொருளை உணர்த்துவது சிறப்புப்பாயிரத்தின் இலக்கணங்களுள் ஒன்றென நன்னூல் கூறும். அச்சு நூலில் அப்பணியை முதற்கண் ஆற்றுவது அட்டை ஓவியமாகும். அது பனுவல் கூறாததைக் கூறின் விளைவது யாது என்பதனைப் பறக்கும் தட்டு பற்றிய வெளியீடுகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

உவமையும் உருவமும்

1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் மலையருகே விமானம் ஓட்டிச் சென்ற கென்னத் அர்னால்டு, ஒன்பது பொருள்கள் விரைந்து செல்லக் கண்டதாகத் தெரிவித்தார். நீர்மேல் எறிந்த தட்டுத் துள்ளுவதுபோல் அவை சென்றன என்பதே தாம் கூறிய உவமை எனப் பின்னர் அவர் விளக்கினார். தொல்காப்பியம் வகுக்கும் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் இது வினையுவமம். செய்தித்தாள்களோ இதனை மெய்யுவமமாகக் கொண்டு ‘பறக்கும் தட்டு’ எனப் பெயரிட்டன. இராணுவத்திற்கு அர்னால்டு வரைந்தளித்த உருவம் முன்புறம் வளைந்து பின்புறம் கூம்பியது, முழுவட்டமன்று. எனினும், அவரது கட்டுரையைத் தாங்கி 1948இல் வெளிவந்த ‘ஃபேட்’ முதல் இதழின் அட்டையில் வட்டத் தட்டுகளே வரையப்பட்டன. சான்றாளர் உள்ளே பேச, அட்டை அவர் பெயரால் வேறொன்றைக் காட்டியது.

ஐயமும் துணிபும்

விட்லி ஸ்ட்ரீபரின் ‘கம்யூனியன்’ (1987) பிறிதொரு நிலையைக் காட்டுகிறது. தாம் எதிர்கொண்டவற்றை ‘வருகையாளர்’ எனக் குறிக்கும் ஆசிரியர், அவை வேற்றுலகத்தனவா, மனத்தின் தோற்றங்களா எனத் துணியவில்லை. டெட் சேத் ஜேக்கப்ஸ் தீட்டிய அட்டை முகமோ ஐயத்திற்கு இடமளியாது நேர் நோக்குகிறது. ஆசிரியரின் விவரிப்பைக் கொண்டே தீட்டப்பட்டமையின் இதனைப் பதிப்பாளரின் புனைவென ஒதுக்கவியலாது. உருவம் பொய்யன்று எனக் கொள்ளினும், பனுவலின் ஐயத்தை அது துணிபாக்கிவிடுகிறது.

தலைப்பிலும் இப்போக்கு உண்டு. யுங்கின் ஜெர்மன் நூல் (1958) ‘ஒரு நவீனத் தொன்மம்’ எனத் தொடங்கும். ஆங்கிலப் பெயர்ப்பில் (1959) ‘பறக்கும் தட்டுகள்’ முதன்மைத் தலைப்பாக, தொன்மம் துணைத்தலைப்பாயிற்று.

முடிவுரை

‘அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள்’ என்னும் பெயரின் உயிர்நிலை, அடையாளம் காணப்படாமையே. அட்டை அதற்கு அடையாளம் தந்துவிடுகிறது. பின்வரும் சான்றாளரும் அவ்வோவியத்தைக் கண்டவராதல் கூடும். ஆதலின் இத்துறைச் சான்றுகளை ஆராய்வோர், சான்றாளர் கூற்று, ஊடகப் பெயரீடு, ஓவியம் ஆகிய மூன்றனையும் காலவரிசைப்படி பிரித்து நோக்குதல் வேண்டும். அட்டையும் தனிப் பனுவலாகப் பதிப்பாண்டு, ஓவியர் பெயர் ஆகியவற்றுடன் பதிவு செய்யப்பெறுதல் தகும்.