கிளட்ச் பிளேட்டை மாற்றும் முன்

வங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ டிராக்டர் கடன் மனுக்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கிளட்ச் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தவணை கட்ட முடியாமல் வண்டியை விட்டவர்களையும் பார்த்தவன் என்பதால், ஓய்வுக்குப் பிறகு கடனில் புது வண்டி வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். உறவினர் கொட்டகையில் ஏழு வருஷம் சும்மா நின்ற 1984 மாடல் மாஸி பெர்குசன் 1035 கிடைத்தது. சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால் பாசனத்தில் இருக்கும் என் மூணு ஏக்கருக்கு அது தாராளம்.

இன்ஜின் ஓடியது. பெடலை முழுசா மிதித்தும் கியர் விழவில்லை, கரகரவென்று சத்தம்தான். "பிளேட்டு துருப்பிடிச்சு ஃப்ளைவீலோட ஒட்டிக்கிடுச்சு சார், பிரிக்க வேண்டாம், பொறுங்க" என்றார் மெக்கானிக் அண்ணாச்சி. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தினார். திறந்த மைதானத்தில் உயர் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தார். வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பியது. பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தவும் மூணாவது தடவை 'டப்' என்று விட்டுவிட்டது. இதைச் செய்யும்போது வண்டிக்கு முன்னால் ஆளோ சுவரோ இருக்கவே கூடாது. இப்போதெல்லாம் வண்டி மாசக்கணக்கில் நிற்குமென்றால், பெடலை மிதித்த நிலையில் கட்டை வைத்துக் கட்டிவிடுகிறேன்.

உண்மையான சோதனை ஜூனில், பாபநாசத்தில் தண்ணீர் திறந்த பிறகு வந்தது. கார் சாகுபடிக்குத் தொளி அடிக்கும்போது இன்ஜின் உறுமுகிறது, கேஜ் வீல் சுற்றவில்லை, கருகின வாசம். கிளட்ச் வழுக்குகிறது. நாற்றங்காலில் அறுபதாம் குறுவை காத்திருந்தது. அவசரத்தில் வேறொரு பட்டறையில் வண்டியை இரண்டாகப் பிரித்துப் புது பிளேட் போட்டேன். பதினைந்தே நாளில் அதே வழுக்கல்.

அண்ணாச்சி வந்து கேட்ட முதல் கேள்வி: "கழட்டின பழைய பிளேட்டு எங்க சார்?" கொட்டகை மூலையில் கிடந்தது. விரலால் தடவிக் காட்டினார், எண்ணெய்ப் பிசுக்கு. மெல்லிசா கறுப்பாக இருந்தால் அது இன்ஜின் ஆயில், பின்பக்கச் சீல் கசிகிறது. கெட்டியாக, கியர் ஆயில் வாசத்தோடு இருந்தால் கியர்பாக்ஸ் பக்கச் சீல். என் வண்டியில் இரண்டாவது. சீல் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் மறுபடி ஒரு பிளேட்டு, மறுபடி பிரிக்கிற கூலி. அதைவிடப் பெரிய நஷ்டம் நாற்று முற்றியது. குறுகிய வயது நெல்லில் நாற்றங்காலில் வீணாகும் ஒவ்வொரு நாளும் தூர் கட்ட வேண்டிய நாள். அந்தக் கார் விளைச்சலை எழுத எனக்கு மனசில்லை.

ஆகவே, பிரிக்கச் சொல்வதற்கு முன் நீங்களே பாருங்கள். பெடலைக் கையால் அமுக்கினால் கொஞ்ச தூரம் லேசாகப் போக வேண்டும். பல வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. இருக்கும், உங்கள் கையேட்டு அளவே சரி. அந்தத் தளர்வு இல்லையென்றால் புது பிளேட்டும் வழுக்கும், அதிகமாக இருந்தால் கியர் விழாது. இரண்டையும் ஸ்பானரை வைத்தே சரிசெய்யலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். காலை எடுத்தால் சத்தம், மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் கோளாறு கியர்பாக்ஸ் பக்கம். இரட்டை கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், பி.டி.ஓ. ஓடும். அது கோளாறு இல்லை. இது தெரியாமல் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார்.

பழைய பிளேட்டுகளில் கல்நார் இருக்கலாம். தூளைக் காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வடித்த ஆயிலை வாய்க்காலில் விடக்கூடாது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளட்ச் இருக்கும் அறையின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. சேற்றில் இறங்கும்முன் அதை அடைப்பானால் மூட வேண்டும், கரையேறியதும் திறந்துவிட வேண்டும். திறந்திருக்கும்போது அதிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் உள்ளே சீல் போய்க்கொண்டிருக்கிறது. பிசானத்துக்கு இன்னும் சில வாரம்தான். தினமும் காலையில் குனிந்து அந்த ஓட்டைக்குக் கீழே தரையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன்.