பங்கை விற்று மீண்டும் வாங்குதல்: வரிக் கணக்கு பற்றிய ஒரு பாடம்

கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினர் செலுத்தும் பங்குத்தொகை முகமதிப்பிலேயே நிற்கும். அதனைச் சந்தையில் விற்று லாபம் காண்பதற்கில்லை. கம்பெனிப் பங்கு அவ்வாறன்று. அதன் விலை நாள்தோறும் ஏறி இறங்கும். 1888-ல் ஸ்டேன்ஸ் நூற்பாலையையும் 1910-ல் லட்சுமி மில்லையும் கண்ட கோவைப் பகுதியினருக்குக் கம்பெனிப் பங்கு புதியதன்று. கோவைக்கென இருந்த பங்குச் சந்தை 2013-ல் மூடப்பட்ட பின்னரும், மும்பைச் சந்தைகளில் கைப்பேசி வழியாகப் பங்கு வாங்கும் நெசவாளரும் விவசாயிகளும் நம்மிடையே உளர். “மார்ச் மாதத்தில் பங்கை விற்று உடனே திரும்ப வாங்கினால் வரி மிச்சம்” என்னும் யோசனை அவர்கள் காதில் விழுகிறது. அது எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய்வோம்.

1. விதி

சந்தையில் விற்கப்படும் பங்கை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் வருவது நீண்டகால லாபம். இதில் ஆண்டுக்கு ரூ.1,25,000 வரை வரியில்லை, மிகுதிக்கு 12.5 சதவீதம். அதற்கு முன் விற்றால் வருவது குறுகியகால லாபம். அதன் மீது வரி 20 சதவீதம். இவ்விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் நடைமுறைக்கு வந்தன. வரியின் மீது 4 சதவீதம் செஸ் உண்டு.

2. கணக்கு

ஒருவர் ரூ.200 வீதம் வாங்கிய 400 பங்குகள் ஈராண்டில் ரூ.450 ஆயின. லாபம் ரூ.1,00,000. மார்ச்சில் விற்றால் வரியில்லை. அவற்றையே ரூ.450-க்கு மீண்டும் வாங்குகிறார். பதினான்கு மாதங்கள் கழித்து ரூ.650-க்கு விற்கிறார். லாபம் ரூ.80,000, அதற்கும் வரியில்லை. இடையில் விற்காதிருந்தால் லாபம் ரூ.1,80,000, அதில் ரூ.55,000-க்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்து ரூ.7,150.

ஆனால் மீண்டும் வாங்கிய நாளிலிருந்து 12 மாதங்கள் புதிதாக எண்ணப்படும் என்பதை மறத்தலாகாது. மகளின் திருமணமோ கிணற்று வேலையோ குறுக்கிட்டு, எட்டாம் மாதமே ரூ.650-க்கு விற்க நேர்ந்தால், அதே ரூ.80,000-க்கு வரி ரூ.16,640. மிச்சப்படுத்த எண்ணியதைப் போல் இருமடங்குக்கு மேல் செலவு! ஆகவே, ஓராண்டுக்குள் தேவைப்படக்கூடிய பணத்தில் இம்முறையைக் கையாளலாகாது.

3. நஷ்டம்

அமெரிக்காவில் பங்கை நஷ்டத்தில் விற்று, 30 நாட்களுக்குள் அதையே வாங்கினால், அந்த நஷ்டத்தை உடனே கழிக்க இயலாது. நம் நாட்டில் அத்தகைய 30 நாள் விதி இல்லை. குறுகியகால நஷ்டத்தை இருவகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். மீதியை எட்டு ஆண்டுகள் வரை கொண்டு செல்லலாம். அதற்கு வருமான வரிப் படிவத்தைக் கெடு நாளுக்குள் தாக்கல் செய்திருத்தல் அவசியம்.

4. எச்சரிக்கைகள்

(அ) ஒரே நாளில், ஒரே சந்தையில் விற்று வாங்கினால், அன்றைய வியாபாரமாகக் கழிந்துபோகும். பழைய பங்கு விற்றதாகாது. ஒரு நாள் விற்று, அடுத்த வியாபார நாளில் வாங்குக. இடையில் விலை ஏறினால் அது நம் பொறுப்பே.

(ஆ) பல தவணைகளில் வாங்கியிருந்தால், டிமேட் கணக்கில் முதலில் சேர்ந்த பங்கே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும்.

(இ) “பன்னிரண்டு லட்சம் வரை வரியில்லை” என்பது புதிய முறையில் கிடைக்கும் தள்ளுபடியைப் பற்றியது. மேற்கண்ட பங்கு லாபங்களின் வரிக்கு அது பொருந்தாது.

(ஈ) தரகு, பரிவர்த்தனை வரி ஆகியவை விற்பதற்கும் வாங்குவதற்கும் தனித்தனியே உண்டு. சில நூறு ரூபாய் வரிக்காக இவற்றைச் செலுத்துவதில் பயனில்லை.

5. பயிற்சி

அங்கத்தினர் தம் பங்குகள் ஒவ்வொன்றுக்கும் வாங்கிய நாள், வாங்கிய விலை, இன்றைய விலை, பணம் தேவைப்படும் நாள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுக. கடைசிக் கட்டத்தை நிரப்ப இயலாதவர், விற்று வாங்கும் யோசனையை ஒத்திவைப்பதே நலம்.