நச்சுக்கொடி கீழே இருக்கிறதென்றால்

20-ஆம் வாரத்து ஸ்கேனில் நச்சுக்கொடி கீழே இருப்பதாக டாக்டர் சொன்ன அன்று, தானா ராத்தா கடையில் எனக்குக் கல்லாக் கணக்கே ஓடவில்லை. ஆனால் அது முடிவான தீர்ப்பல்ல. கர்ப்பப்பையின் கீழ்ப்பாகம் வளர வளர, பெரும்பாலோருக்குக் கொடி அதன் வாயை விட்டு மேலே விலகிவிடுகிறது. 32-ஆம் வாரவாக்கில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை மனைவியிடம், "என்ன பாரம் தூக்கினாய்?" என்று குடையாதீர்கள், கொடி கீழே ஒட்டியதற்கு அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. (நான் கேட்டுத்தான் விட்டேன்; அவர் அழுதது இன்னும் நினைவிருக்கிறது.) வலியே இல்லாமல் இரத்தம் பட்டாலும் வியாபாரத்தைப் போட்டுவிட்டு அக்கணமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடைசி வரை கொடி வாயை மூடியிருந்தால் ஆபரேஷன் பிரசவந்தான். சிம்பாங் பூலாய்ப் பாதையோ வளைவும் மூடுபனியும். ஆகையால் எந்த வாரத்தில் மலையை விட்டு இறங்குவதென்று டாக்டரிடம் கேட்டு, ஈப்போவில் தங்க இடம் முன்னதாகவே பார்த்து வையுங்கள்.