போலி: இலக்கணத்திலும் இல்லத்திலும்

போலி என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது கள்ள நாணயமே. இலக்கணம் பயின்றோர்க்கு அச்சொல் இழிவானதன்று. மயல் மையலாகவும், நிலம் நிலனாகவும் வருதலை நன்னூலார் ஏற்கின்றார். ஓரெழுத்து நின்ற இடத்தில் மற்றோர் எழுத்து நின்றும் பொருள் திரியாமையே காரணம். இல்லத்துச் சுவருக்கும் இவ்வளவுகோல் பொருந்துமா என்பதை ஈண்டு நோக்குவோம்.

தேக்குப் பலகை, சலவைக்கல், செங்கல் ஆகியவற்றின் தோற்றமெல்லாம் இன்று சுவர்த்தாளாய்ச் சுருள் சுருளாக விற்கப்படுகின்றன. இது புதுவதன்று. 1877இல் இங்கிலாந்தின் பிரடெரிக் வால்டன் ஆளிவிதை எண்ணெயும் மரத்தூளும் கலந்து, செதுக்கிய மரத்தையும் தோலையும் போன்று தோன்றும் 'லிங்க்ரஸ்டா' என்னும் சுவர்ப்போர்வையை ஆக்கினார். இத்தகைய பாவனைகளை ஜான் ரஸ்கின் 1849லேயே கடிந்திருந்தார். எனினும் கட்டடத்தில் பொன்முலாம் பூசுவதை அவர் குற்றமாக்கவில்லை. அதனைக் கட்டிப் பொன்னென்று எவரும் நம்புவதில்லை அன்றோ! ஏறத்தாழ நன்னூலாரின் அளவுகோலே இது.

நம் நாட்டிலும் பாவனை உண்டு. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களும், செட்டிநாட்டு வளவுகளின் சுவர்களும் சலவைக்கல்லோ என ஐயுறச் செய்வன. கிளிஞ்சல் சுண்ணாம்பை நன்கு அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்து, பூசி, தேய்த்து மெருகேற்றிய பளபளப்பு அது. ஆயினும் சுண்ணச்சாந்து சுவரோடு சுவராய் இறுகி, உள்ளிருக்கும் ஈரத்தை வெளிவிடுகின்றது. தோற்றம் மாறினும் சுவரின் தொழில் மாறவில்லை. இதனை நல்ல போலி எனலாம்.

காரைக்கால் வட்டாரத்தின் வடபால், கடலோரத்தே அமைந்தது மண்டபத்தூர். உப்புக்காற்றும் தரையிலிருந்து ஏறும் ஓதமும் இத்தகைய ஊர்ச் சுவர்களுக்குத் தீராப் பகை. அச்சுவரின்மேல் பிளாஸ்டிக் பூச்சுடைய தாளை ஒட்டினால் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். உப்புப் பூத்துப் பூச்சு பொரியும்; பூஞ்சை படரும். தாளையும் மாவுப்பசையையும் கறையான் நாடி வரும். வெளியே தேக்கு மரமோ மின்னிக்கொண்டிருக்கும்!

கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்க்க, விரல்கள் நனைந்த செய்தியை நாம் அறிவோம். மழையில் நனைந்தது என்றான் வணிகன். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவினார்கள். நனைந்தது அவன் குற்றமன்று, மறைத்ததே குற்றம். வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முற்படுவோர் ஓதச் சுவரில் அழகிய தாளை ஒட்டிவைப்பது இதனின் எவ்வகையில் வேறு?

தாளே ஆகாதென்பது என் கருத்தன்று. வெயிலும் மழையும் தொடாத உட்சுவருக்கு அது தகும். வெளிச்சுவராயின் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், பொரிந்த பூச்சைக் கொத்தி நீக்கி, உப்பைத் துடைத்து, ஓதம் ஏறும் வழியையும் அடைத்து, நன்கு உலரவிட்டுச் சுண்ணச்சாந்து பூசுவதே தக்கது.